ஹெலிகாப்டருக்கு முன்னால் இறங்கியவர்கள்

ஓட்டலை மூட வைத்தவர்கள் உண்டு, தியேட்டரை மூட வைத்தவர்கள் உண்டு. ஒரு ஹெலிகாப்டர் தளத்தையே மூட வைத்தவன், எனக்குத் தெரிந்து நான் ஒருவன்தான். அதுவும் வெறும் கையால். இரண்டு கையையும் மேலே தூக்கினேன், அவ்வளவுதான் நான் செய்தது. மீதியை மற்றவர்கள் பார்த்துக்கொண்டார்கள். அந்த மற்றவர்கள் யார் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

என் பெயர் ஏகாம்பரம். படிப்பு பத்தாவது (பாஸ் என்று நான் சொல்லவில்லை, கவனிக்கவும்). வெள்ளைக்காரன் காலத்திலேயே ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து செகந்தராபாத்துக்கு வந்துவிட்ட குடும்பம். இப்போது வீடு மல்லாபூரில். பேகம்பேட்டில் ஒரு பெரிய கம்பெனியின் பதினாறு மாடிக் கட்டடத்தில் எலக்ட்ரீஷியன் ஹெல்ப்பராகச் சேர்ந்தேன். மொட்டை மாடியில் பல்பு மாற்ற எல்லோரும் பயந்தார்கள். நான் கந்தர் சஷ்டிக் கவசத்தை முணுமுணுத்துக்கொண்டே ஏறிவிடுவேன். "இவனுக்கு உயரம் பயமில்லை" என்று என்னை அந்த மாடிக்கே போட்டுவிட்டார்கள்.

அந்த மாடிதான் ஹெலிகாப்டர் இறங்கும் தளம். நடுவில் பெரிய மஞ்சள் வட்டம், அதற்குள் ஆள் படுத்துப் புரளும் அளவுக்கு இங்கிலீஷ் எழுத்து 'எச்'. ஓரத்தில் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று காட்டும் ஆரஞ்சுத் துணிப் பை. கண்ணாடி அறை, சோபா, தீயணைக்க நான்கு பேர். ஐந்தாவதாக நான். ஒரு வாரம் எனக்குக் கை ஜாடை கற்றுக்கொடுத்தார் ஹெலிகாப்டர் ஓட்டும் கேப்டன். ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்ற பஞ்சாப்காரர், மீசை முறுக்கியிருக்கும், மனசு வெல்லம். இரண்டு கையும் மேலே என்றால் 'வா, இங்கேதான்'. பக்கவாட்டில் விரித்து மெதுவாகத் தாழ்த்தினால் 'இறங்கு'. முன்னால் குறுக்கே வைத்தால் 'போதும், நில்'. முதுகில் கொட்டை எழுத்து போட்ட பளபளக்கும் ஆரஞ்சுச் சட்டை ஒன்றும் கொடுத்தார்கள். அதைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய் சுவாமி படத்துக்கு முன்னால் நின்று கும்பிட்டேன். என் மனைவி மல்லிகா, "ரோடு பெருக்குற வேலையாங்க?" என்று கேட்டாள்.

எங்கப்பா மல்லாபூர் ஃபாக்டரியில் ஃபிட்டர். விமானம் என்றால் உயிர். லீவு நாளில் என்னை சைக்கிளில் உட்கார வைத்து பேகம்பேட் ஏர்போர்ட் மதில் ஓரத்துக்குக் கூட்டிவருவார். ஒன்று ஏறும், ஒன்று இறங்கும். கழுத்து வலிக்கிற வரைக்கும் பார்ப்போம். கடைசி வரைக்கும் அவர் எதிலும் ஏறியதில்லை. எனக்கு இந்த வேலை கிடைத்தபோது அவர் இல்லை.

அப்போதெல்லாம் வாரத்துக்கு இரண்டு தடவை சேர்மன் ஹெலிகாப்டரில் வருவார். அந்தச் சத்தம் முதலில் வயிற்றில்தான் கேட்கும், அப்புறம்தான் காதில். நான் "முருகா" என்று கையைத் தூக்குவேன். அத்தனை பெரிய இரும்பு என் கையைப் பார்த்துக் குழந்தை மாதிரி இறங்கும். (என் கை கேப்டனுக்குத் தேவையே இல்லை, மஞ்சள் வட்டத்தைப் பார்த்தே இறங்கிவிடுவார் என்பது ரொம்ப நாள் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. யாரும் சொல்லவில்லை. நல்ல மனுஷர்கள்.) கேப்டன் ஒவ்வொரு தடவையும் கிளம்பும்போது, "ஏகாம்பரம், ஒரு நாள் உன்னை ஏத்திக்கிட்டு ஹுசேன் சாகர் ஏரி மேல ஒரு ரவுண்டு" என்பார். நான் அதைத் தெருவில் எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தேன்.

பிறகு தளத்துக்குக் கெட்ட காலம் ஆரம்பித்தது. கிழக்குப் பக்கம் எங்களைவிட உயரமாக ஒரு கட்டடம் எழும்பி, ஹெலிகாப்டர் வரும் வழியில் பாதியை மறைத்தது. பெரிய சேர்மன் ஓய்வெடுத்துக்கொண்டு பிள்ளையிடம் கம்பெனியைக் கொடுத்தார். பிள்ளை எங்கேயும் போவதில்லை, எல்லோரையும் கம்ப்யூட்டரிலேயே பார்த்துவிடுகிறார். வாரம் இரண்டு என்பது மாதம் ஒன்றாகி, தீபாவளிக்கு ஒன்றாகி, நின்றே போனது. தீயணைக்கும் நான்கு பேரில் மூன்று பேரைக் கீழே மாற்றினார்கள், நாலாவது ஆள் துபாய் போய்விட்டான். ஓர விளக்குகள் ஒவ்வொன்றாகக் கண் மூடின. துணிப் பை வெளுத்துக் கிழிந்து பூணூல் மாதிரி தொங்கியது. சோபா அறையில் உடைந்த நாற்காலிகள் வந்து உட்கார்ந்தன. மஞ்சள் 'எச்' எழுத்தின் ஒரு கால் அழிந்துவிட்டது. நான் மட்டும் தினமும் சட்டையை மாட்டிக்கொண்டு மேலே போய்ப் பெருக்கிவிட்டு வருவேன்.

இனிமேல்தான் காக்கா வருகிறது.

அப்பா போனதிலிருந்து அமாவாசைக்கு அமாவாசை வீட்டு மாடியில் சோறு வைப்போம். மல்லாபூரில் காக்கா வராது. புறாதான் வரும். புறா எடுத்தால் அப்பா எடுத்த மாதிரி ஆகுமா? மல்லிகா பசியோடு மாடிப்படியில் உட்கார்ந்து, "உங்கப்பாவுக்கு என் சமையல் பிடிக்கலையா, என்னாங்க?" என்று கண் கலங்குவாள். ஒரு அமாவாசைக்கு டிபன் பாக்ஸில் சாதம், பருப்பு, வாழைக்காய்ப் பொரியல், வடை எல்லாம் கட்டிக்கொண்டு கம்பெனி மாடிக்குப் போனேன். எச்சுக்கு நடுவில் இலையைப் போட்டு வைத்தேன். ஒரு காக்கா வந்தது. ஒரு கால் கொஞ்சம் வளைந்திருந்தது. அப்பாவுக்கும் ஃபாக்டரியில் அடிபட்டு ஒரு கால் வளைந்திருக்கும். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப் போய்விட்டது. கடைசியில் அவர் விமானம் இறங்கும் இடத்துக்கே வந்துவிட்டார் பாருங்கள்!

அன்றிலிருந்து அதுதான் ஏற்பாடு. நான் பேகம்பேட்டில் சோறு வைப்பேன். மல்லாபூரில் மல்லிகா போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு காத்திருப்பாள். "எடுத்துடுச்சு" என்று நான் சொன்னதும் அங்கே இலை போடுவார்கள்.

இதோடு நிறுத்தியிருந்தால் நான் இன்றைக்கும் தள இன்சார்ஜ். ஆனால் ஹெலிகாப்டர் வராததால் கை ஜாடை மறந்துவிடுமோ என்று எனக்குப் பயம். தினமும் மத்தியானம் என் சாப்பாட்டிலிருந்து ஒரு பிடி எடுத்துக்கொண்டு மாடிக்குப் போவேன். காக்கா தூரத்தில் தெரியும். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, இரண்டு கையையும் தூக்குவேன். வரும். பக்கவாட்டில் விரித்துத் தாழ்த்துவேன். இறங்கும். குறுக்கே வைப்பேன். நின்று தலையைச் சாய்த்துப் பார்க்கும். சோறு போடுவேன். முதலில் ஒன்று வந்தது. பிறகு அதன் சொந்தக்காரர்கள், அவர்களுடைய சம்பந்தி வீட்டார், அக்கம்பக்கம். சில வருஷத்தில் அறுபது எழுபது பேர், ஒரு சொல் பேசாமல் என் கையைப் பார்த்து வட்டத்துக்குள் இறங்குவார்கள். எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா?

ஒரு நாள் அட்மின் மேனேஜர் ரெட்டி சார் கூப்பிட்டார். தளத்தின் லைசென்ஸ் முடியப் போகிறது, சின்ன சேர்மன் மூடச் சொல்கிறார், பெரியவர் மட்டும் கடைசியாக ஒரு முயற்சி செய்யச் சொல்கிறார் என்றார். கேப்டன் ஹெலிகாப்டரில் விமானத் துறை அதிகாரியைக் கூட்டிவருவார். பத்திரமாக இறங்கிக் காட்டினால் லைசென்ஸ் உண்டு, தளமும் உண்டு, நானும் உண்டு. இறங்காவிட்டால் மாடியைப் பூட்டிவிடுவார்கள். நான் கீழே பார்க்கிங்குக்கு. அன்று மாலையே கேப்டன் போன் செய்தார். அதிகாரியை இறக்கிவிட்டதும் என்னை ஏற்றிக்கொண்டு அந்த ரவுண்டு நிச்சயம் என்றார். எனக்கு இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. நானே போய் எச்சின் அழிந்த காலுக்கு மஞ்சள் அடித்தேன். பழைய காவி வேட்டியில் மல்லிகா புதுத் துணிப் பை தைத்துக் கொடுத்தாள். தெரு மாரியம்மனுக்கு எலுமிச்சை மாலை நேர்ந்துகொண்டேன்.

அதிகாரி கொடுத்த தேதியைக் காலண்டரில் பார்த்த ரெட்டி சாரின் முகம் சுருங்கிவிட்டது. அமாவாசை. தெலுங்குக்காரர்கள் அமாவாசையன்று நல்ல காரியம் தொடங்க மாட்டார்கள். வேறு தேதி கேட்கலாம் என்று போனைக் கையில் எடுத்துவிட்டார். அவர் பேசியிருந்தால் எல்லாம் தப்பித்திருக்கும். நான்தான் தடுத்தேன். எங்கள் தமிழ் ஜனங்களுக்கு அமாவாசை நிறைந்த நாள், கடை திறப்பது வண்டி எடுப்பது எல்லாம் அன்றைக்குத்தான், பெரியவர்களே வந்து கூட நின்று ஆசீர்வாதம் பண்ணுவார்கள் என்று அடித்துப் பேசினேன்.

"நிஜமாவா ஏகாம்பரம்?" என்றார்.

"எங்கப்பாவே வந்து நிப்பார் சார்" என்றேன். (இப்படித்தான் சொன்னேன். வார்த்தை மாறாமல்.)

அந்த நாளும் வந்தது. பன்னிரண்டு மணிக்கு ஹெலிகாப்டர். காக்கா விஷயத்தை நான் யோசிக்காமல் இல்லை, அவ்வளவு முட்டாள் கிடையாது. பதினொரு மணிக்கே பின்பக்கம் பார்க்கிங்கில் இலை போட்டுக் கூப்பிட்டுப் பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. அவர்களுக்கு அந்த விலாசம் தெரியாது. சரி, ஹெலிகாப்டர் இறங்கிய பிறகு வைத்துக்கொள்ளலாம் என்று டிபன் பாக்ஸோடு மேலே போனேன். மாடியில் ஒரு காக்கா இல்லை. முருகன் காப்பாற்றினான் என்று நினைத்துக்கொண்டேன்.

ரெட்டி சார் கையில் பூங்கொத்தோடு படிக்கட்டுக் கதவருகே நின்றார். செக்யூரிட்டி காஜா பாய் தடியோடு இன்னொரு பக்கம். நான் என் இடத்தில். சரியாகப் பன்னிரண்டுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது என் வயிற்றில் அந்தச் சத்தம். எத்தனை வருஷமாச்சு! புள்ளியாகத் தெரிந்து, தும்பியாகி, பெரிதாகி, வெயிலில் மின்னிக்கொண்டு வந்தது. எனக்குக் கண்ணில் தண்ணீர். ஆரஞ்சுச் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டேன். "முருகா" என்றேன். இரண்டு கையையும் தூக்கினேன்.

இறங்கின.

கிழக்குக் கட்டடத்தின் மேலிருந்து, விளம்பரப் பலகையின் பின்னாலிருந்து, தண்ணீர்த் தொட்டி நிழலிலிருந்து அத்தனையும் வந்தன. நான் பதறி என்ன செய்வது என்று தெரியாமல் கையைப் பக்கவாட்டில் விரித்துத் தாழ்த்தினேன். அதுதானே 'இறங்கு'? வட்டத்துக்குள் வரிசையாக உட்கார்ந்தன. பயந்துபோய்க் கையைக் குறுக்கே வைத்தேன். எல்லாம் தலையைச் சாய்த்து என்னைப் பார்த்தன.

வாக்கி டாக்கியில் கேப்டன் குரல், இந்தியில், ரொம்ப அமைதியாக வந்தது. "ஏகாம்பரம், உங்க ஆளுங்க எல்லாம் இறங்கிட்டாங்க. நான் எங்கே இறங்கணும்?"

பறவை இருந்தால் இறக்கைச் சக்கரத்தில் அடிபட்டுப் பெரிய விபத்தாகிவிடும் என்று அவர் பக்கத்தில் வரவில்லை. தள்ளியே சுற்றினார். ரெட்டி சார் பூங்கொத்தை ஆட்டி, "விரட்டு, விரட்டு" என்று கத்தினார். காஜா பாய் தடியை ஓங்கிக்கொண்டு ஓடினார். நான் குறுக்கே பாய்ந்து தடியைப் பிடித்துக்கொண்டேன்.

"நக்கோ பாய், அடிக்காதீங்க. அதுல எங்கப்பா இருக்கார்."

காஜா பாய் என்னைப் பார்த்தார். காக்காய்களைப் பார்த்தார். நல்ல மனுஷர், கேலி பண்ணவில்லை. "ஹவ், சரி, எது உங்க அப்பான்னு காட்டு" என்றார். "அவரை விட்டுட்டு மத்தவங்களை மட்டும் விரட்டுறேன்."

நியாயமான பேச்சு. நான் வளைந்த காலைத் தேடிக்கொண்டு அந்தக் கூட்டத்துக்கு நடுவில் குனிந்து குனிந்து நடந்தேன். தலைக்கு மேலே ஹெலிகாப்டர் இரண்டாவது சுற்று. அறுபது எழுபது காக்காயின் காலையும் வெயிலில் குனிந்து பார்த்திருக்கிறீர்களா? எல்லாம் கொஞ்சம் வளைந்த மாதிரிதான் இருக்கிறது. கை கூப்பி, "அப்பா, பத்தே நிமிஷம் அந்தப் பக்கம் நில்லுப்பா, நீ பாக்கணும்னு ஆசைப்பட்டதுதானே வருது" என்று பொதுவாக எல்லோரிடமும் கேட்டுக்கொண்டேன். ஒன்றும் நகரவில்லை. அமாவாசை. அவர்கள் பசியோடு வந்திருக்கிறார்கள்.

அப்போது பாக்கெட்டில் போன் அடித்தது. மல்லிகா.

"என்னாங்க, எடுத்துடுச்சா? திவ்யா பசிக்குதுங்குறா."

திவ்யா எங்கள் பெண். அவள் பின்னாலிருந்து தெலுங்கில் முனகுவது கேட்டது. அந்தப் பசிதான் எனக்கு வழி காட்டியது. டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு லிஃப்ட் அறையின் தலைக்கு ஏறினேன். அது தளத்தை விட்டுத் தள்ளி, ஒரு மூலையில் இருக்கிறது. இலையைப் போட்டு மொத்தச் சோற்றையும் கொட்டினேன். ஒரே பறப்பு. தளம் சுத்தமாகக் காலியாகிவிட்டது. ரெட்டி சார் கீழேயிருந்து என்னைப் பார்த்துக் கும்பிட்டார். போனில், "எடுத்துடுச்சு, சாப்பிடுங்க" என்றேன்.

மூன்றாவது சுற்றில் கேப்டன் திரும்பினார். மெதுவாக, நேராக, மஞ்சள் வட்டத்தைப் பார்த்து வந்தார். கண்ணாடிக்குள் அவர் மீசை தெரிந்தது. பக்கத்தில் அதிகாரி, மடியில் ஃபைல். ரெட்டி சார் என்னைப் பார்த்து, "நீ அங்கேயே இரு, கீழே வராதே" என்று கையைக் காட்டினார்.

நான் அங்கேயே இருந்திருக்கலாம். சோறு இன்னும் பாதி இருந்தது. காக்காய்கள் தின்றுகொண்டிருந்தன. ஹெலிகாப்டர் தானாக இறங்கியிருக்கும். லைசென்ஸ் கிடைத்திருக்கும். நான் ஹுசேன் சாகர் மேல் ஒரு ரவுண்டு போயிருப்பேன்.

ஆனால் இத்தனை வருஷம் காத்திருந்துவிட்டு, ஹெலிகாப்டர் வரும்போது லிஃப்ட் ரூம் மேலே உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பதா? நான் கை காட்டாமல் அது எப்படி இறங்கும்? எனக்கு என்ன வந்ததோ தெரியாது, ஏணியில் நான்கு நான்கு படியாகக் குதித்தேன். ஓடி என் இடத்தில் போய் நின்றேன். காற்றில் சட்டை படபடத்தது. தலையை நிமிர்த்தி, ஜன்மத்தில் காட்டியிராத அழகோடு, இரண்டு கையையும் தூக்கினேன்.

லிஃப்ட் அறையின் மேல் எல்லோரும் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள். பாதிச் சோற்றை விட்டுவிட்டு வந்தார்கள். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது வேறு யார் கூப்பிட்டாலும் வந்திருக்க மாட்டார்கள். அவ்வளவு மரியாதை என் கை மேல்.

ஹெலிகாப்டர் மூக்கைத் தூக்கி, சட்டென்று மேலே ஏறியது. அந்தக் காற்றில் ரெட்டி சாரின் பூங்கொத்து பிரிந்து பதினாறு மாடிக்குக் கீழே ரோட்டில் பூமாரி பொழிந்தது. மல்லிகா தைத்த காவிப் பை கம்பத்தை விட்டுக் கிளம்பி, கிழக்குக் கட்டடத்தின் பத்தாவது மாடி ஜன்னலில் போய் ஒட்டிக்கொண்டது. ஹெலிகாப்டர் பழைய ஏர்போர்ட் பக்கமாகச் சின்னதாகி, தும்பியாகி, புள்ளியாகி, போயே போய்விட்டது. கடைசியாக நான் பார்த்தபோது அதிகாரி தலை குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்.

என் இரண்டு கையும் இன்னும் மேலேயே இருந்தன. காக்காய்கள் அடுத்த ஜாடைக்காகக் காத்திருந்தன.

ரெட்டி சார் காலி ரிப்பனோடு பக்கத்தில் வந்து நின்றார். திட்டுவார் என்று நினைத்தேன். அந்தக் கூட்டத்தைப் பார்த்துவிட்டு, "நிறைஞ்ச நாள்னு சொன்னே" என்றார். பிறகு, "இதுல உங்கப்பா வந்தாரா?" என்று கேட்டார். தெரியவில்லை சார் என்றேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டே படியிறங்கிப் போனார்.

லைசென்ஸ் வரவில்லை. பறவைத் தொந்தரவு, பக்கத்துக் கட்டடம், அணைந்த விளக்குகள் என்று காரணம் நிறைய எழுதியிருந்தார்களாம். 'முதல் காரணம் பறவை' என்று ரெட்டி சார் என்னிடம் தனியாகச் சொன்னார். மஞ்சள் எச்சின் மேல் சோலார் பலகைகள் வந்துவிட்டன. மாடிக்குப் பூட்டு. நான் இப்போது கீழே இரண்டாம் பேஸ்மென்டில் கார்களுக்கு இடம் காட்டுகிறேன். இரண்டு கையையும் தூக்கி, விரித்து, தாழ்த்தி, குறுக்கே வைத்து. சின்ன சேர்மனின் டிரைவர், இவ்வளவு சுத்தமாகக் கை காட்டுகிற ஆள் ஊரிலேயே கிடையாது என்கிறார். கேப்டன் பொங்கலுக்கு இன்னும் போன் செய்கிறார். ரவுண்டைப் பற்றி நான் கேட்பதில்லை. அவர் காக்காய்களைப் பற்றி விசாரிப்பார்.

மாடி பூட்டியதில் எனக்கு நிஜமாகவே அழுகை வந்தது ஒரே ஒரு காரணத்துக்குத்தான். அடுத்த அமாவாசைக்கு அப்பாவுக்கு எங்கே சோறு வைப்பது? மல்லாபூர் மாடியில் மறுபடியும் இலை போட்டோம். புறா வந்தது. மணி ஒன்று, ஒன்றரை. யாரும் சாப்பிடவில்லை. மல்லிகா எழுந்து உள்ளே போனாள். திரும்பி வரும்போது கையில் அந்த ஆரஞ்சுச் சட்டை. (கம்பெனியில் திருப்பிக் கேட்கவில்லை, நானும் ஞாபகப்படுத்தவில்லை.)

"போட்டுக்குங்க" என்றாள்.

"அக்கம்பக்கம் பாக்கும்டி."

"பாத்தா பாக்கட்டும். உங்கப்பாவுக்கு அடையாளம் தெரிய வேணாமா?"

போட்டுக்கொண்டேன். நாலு வீட்டு மாடியில் துணி காயப்போட வந்தவர்கள் எல்லோரும் நின்று பார்த்தார்கள். "முருகா" என்று கையைத் தூக்கினேன். கொஞ்ச நேரத்தில் ஒரு காக்கா வந்து மதில் மேல் உட்கார்ந்தது. பேகம்பேட்டிலிருந்து வந்ததா, மல்லாபூரைச் சேர்ந்ததா என்று எனக்குத் தெரியாது. காலைப் பார்க்கவில்லை. விரித்துத் தாழ்த்தினேன். இறங்கியது.

அன்றிலிருந்து தெருவில் எனக்குப் பெயர் கேப்டன். திவ்யா கல்யாணமாகிப் போய்விட்டாள். அமாவாசையன்று மத்தியானம் அவளிடமிருந்து போன் வரும். காக்கா எடுத்ததா என்று கேட்க மாட்டாள். "அப்பா, லேண்ட் அயிந்தா?" என்று பாதித் தெலுங்கில் கேட்பாள். அந்தப் பக்கம் மாப்பிள்ளை வீடே சிரிக்கும். ஆயிடுச்சு என்று நான் சொன்ன பிறகுதான் அங்கேயும் இலை போடுகிறார்கள். அதுவரைக்கும் நான் ஆரஞ்சுச் சட்டையில், கையைத் தூக்கிக்கொண்டு, வானத்தைப் பார்த்து நிற்பேன்.

போன அமாவாசைக்கும் நின்றேன். எங்கோ தூரத்தில் ஹெலிகாப்டர் சத்தம் வயிற்றில் கேட்டது. என்னை அறியாமல் கை இன்னும் கொஞ்சம் உயர்ந்தது. படிக்கட்டிலிருந்து மல்லிகா குரல் வந்தது.

"கையைக் கீழ போடுங்க. அது பாத்துட்டு இங்க இறங்கிடப் போவுது. அத்தினி பேருக்கு நான் வடை சுடல."